மல்லிகை மலரும் இரவும் கொழுந்து பறிக்கும் கையும்

(தோட்ட மாதர் குழுக்களுக்கான கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேயிலைத் தூளைக் கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். சவர்க்காரத்தோடு ஒரே பையில் போட்டுக் கடையிலிருந்து கொண்டுவந்தாலும் அதே கதைதான். இஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். நான் அங்கே பத்தொன்பது வருடம் இருந்தேன். சலிக்கிற அறைக்குள் மண்ணெண்ணெய் பட்ட துணியோடு யாராவது வந்துவிட்டால் டீமேக்கர் போடுகிற சத்தம் ரோலர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் பெட்டி அடுக்க விடமாட்டார். காய்ந்த தேயிலை ஈரத்துக்காகத் தவிக்கும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும்போது கூடவே வருகிற வாசனையையும் இழுத்து இலைக்குள் அடைத்துக்கொள்ளும்.

நமக்கு இது ஒரு தொல்லை. சீனாக்காரர்கள் தேயிலையின் இதே குணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய தொழிலையே வளர்த்துவிட்டார்கள். அதுதான் மல்லிகைத் தேயிலை. மகளிர் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்துவிட்டு, இவர் என்ன சீனாவுக்குப் போகிறாரே என்று நினைக்காதீர்கள். சுற்றிவந்து உங்கள் கூடைக்குள்ளேதான் இறங்குவேன்.

சீனாவின் தென்கிழக்குக் கரையில் பூஜியன் என்று ஒரு மாகாணம். அதன் தலைநகரம் ஃபுஜோ. மின் ஆறு அந்த நகரத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மல்லிகைத் தேயிலை என்றால் அந்த ஊரின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். தேயிலைக்குப் பூவின் மணத்தை ஏற்றும் பழக்கம் சீனாவில் பல நூறு வருடப் பழையது. ஆனால் விற்பனைக்காகப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது 1850களில், ஃபுஜோவில்தான். 1842இல் பிரித்தானியரோடு செய்த ஒப்பந்தப்படி அந்தத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. தேயிலை அங்கே வந்து குவிந்தது. கணக்குப் பார்த்தால், நம் மலைநாட்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட 1867க்கு முன்பே அங்கே மல்லிகைத் தேயிலை மூட்டை மூட்டையாக வடக்கே போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். சீன மொழியில் இந்தப் பூவுக்குப் பெயர் ‘மோலி’. அது அவர்களுடைய சொந்தச் சொல் இல்லை. வடமொழியின் ‘மல்லிகா’ என்ற சொல்தான் செடியோடு கூடவே போய் அங்கே மோலி ஆனது. நாம் மல்லிகை என்கிறோம், அவர்கள் மோலி என்கிறார்கள். செடியும் ஒன்றுதான். மதுரைப் பக்கம் குண்டுமல்லி என்று தலையில் வைக்கிறார்களே, அந்த இனம். நம் பாட்டன், பூட்டிமார் பொட்டணத்தோடு கடல் தாண்டி வந்ததற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தப் பூ வேறொரு திசையில் பயணம் போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

சரி, அதை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் தேயிலை. வசந்த காலத்தில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பறித்த இளங்கொழுந்தைப் பச்சைத் தேயிலையாக உலர்த்தி எடுத்து வைத்துவிடுவார்கள். அது காத்திருக்கும். எதற்கு? பூவுக்கு. மல்லிகை நன்றாகப் பூப்பது கோடை வெயிலில். நடுக்கோடையில் வருகிற பூவுக்குத்தான் மணம் அதிகம், விலையும் அதிகம். ஆகவே ஏப்ரல் இலை ஜூலைப் பூவுக்காகப் பெட்டியில் கிடக்கும்.

இனிப் பூப் பறிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மதுரைப் பக்கம் பூப் பறிக்கிறவர்கள் இருட்டோடு இருட்டாகத் தோட்டத்துக்குப் போவார்கள். காலைச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதால் அப்படி. தேயிலைக்குப் பறிக்கிறவர்கள் போவது உச்சி வெயிலுக்குப் பிறகு. தலையில் அகலத் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துணி, இடுப்பில் கூடையோ பையோ. ஜூலை மாத வெயில், அதிலும் தென்சீனத்துப் புழுக்கம். ஏன் அந்த நேரத்தில்? அவர்களுக்கு வேண்டியது இன்றைக்கு இரவு மலரப்போகிற மொட்டு. மல்லிகை மொட்டுக்குள் மணம் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதில்லை. இதழ் விரிகிற அந்த நேரத்தில்தான் பூ மணத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. நேற்றே மலர்ந்த பூவென்றால் மணம் போய்விட்டது. நாளை மறுநாள் மலரும் மொட்டைப் பறித்தால் அது மலராமலே வாடிப்போகும். பச்சை ஓடிய சின்ன மொட்டு ஆகாது. பால் போல வெளுத்து, உருண்டு, முனை இன்னும் மூடியிருக்கிற மொட்டுத்தான் வேண்டும். காலையில் அந்த மொட்டை அடையாளம் காண்பது கஷ்டம். பிற்பகலில்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு செடியில் மூன்று நாளைக்குரிய மொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதில் இன்றையதை மட்டும் நகத்தால் கிள்ள வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது, ஏனென்றால் அது நாளைய கூலி. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டு வேண்டும். அதில் ஒவ்வொன்றுக்கும் கண் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். கை அதற்குள் அடுத்த மொட்டில் இருக்கும். இதைக் கேட்கும்போது உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, வங்கி எது, முற்றியது எது, அடுத்த சுற்றுக்கு விட வேண்டியது எது என்று பார்க்கிற கண் உங்களுக்கும் இருக்கிறது.

மழை பெய்தால் அவர்களுக்கு நஷ்டம். நனைந்த பூவில் மணம் குறைவு, அந்த நீர் தேயிலையையும் கெடுக்கும். விலை விழுந்துவிடும். நமக்கு மழையென்றால் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோவைக் கழிக்கிறார்கள், அவர்களுக்கு வேறு விதமாகக் கழிகிறது.

பறித்த பூ மாலைக்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மூட்டைக்குள் வெந்துவிடக் கூடாது. அங்கே தரையில் பரப்பி முதலில் சூட்டை ஆற்றுவார்கள். பிறகு குவியலாகக் கூட்டுவார்கள். பூ உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, அதனால் குவியலுக்குள் சூடு ஏறும். ஏறக்குறைய 38, 40 பாகை வந்ததும் திரும்பப் பரப்பி ஆற்றுவார்கள். பிறகு மறுபடியும் குவியல். இப்படிக் கூட்டுவதும் பரப்புவதுமாக, எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் விரியும்படி பழக்குகிறார்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இதழ்கள் விரிய ஆரம்பிக்கும். பெரும்பாலானவை பாதிக்கு மேல் விரிந்தவுடன், சல்லடையில் போட்டு விரியாத சின்ன மொட்டுகளைக் கழித்துவிட்டு, அந்தப் பூவைத் தேயிலையோடு கலப்பார்கள்.

மல்லிகைக்கு அடித்தளமாகச் சிலர் கொஞ்சம் வெள்ளைச் செண்பகமும் சேர்ப்பதுண்டு. நம் ஊர்ச் சப்பு மரத்துக்கு அது நெருங்கிய உறவு. அளவோடு சேர்த்தால் மல்லிகை மணம் தூக்கலாக இருக்கும், அதிகமானால் செண்பகம்தான் முன்னால் வந்து நிற்கும். நல்ல சமையல்காரி பெருங்காயம் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரவு முழுக்க வேலைதான். பூவும் தேயிலையும் கலந்த குவியல், முழங்காலுக்குக் கீழான உயரத்தில் தரையில் கிடக்கும். பூ மணத்தை விடுகிறது, தேயிலை ஈரத்தோடு அதை இழுக்கிறது. நாலைந்து மணி நேரத்தில் குவியல் 45 பாகைக்கு மேல் கொதிக்கும். அப்போது கலைத்துப் பரப்பிக் காற்றாட விட்டு, திரும்பக் கூட்ட வேண்டும். இது நடப்பது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ. கொஞ்சம் தூங்கிவிட்டால் பூ வெந்து, தேயிலையில் அவித்த நாற்றம் ஏறிவிடும். அந்த மூட்டைக்கு அதற்குப் பிறகு மருந்து இல்லை. அனுபவசாலிகள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தும், ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தும் நேரத்தைத் தீர்மானிப்பார்கள். நம் இஸ்டோரில் பழைய ஆட்கள் வாட்டுத் தட்டில் இலையைக் கைக்குள் பிடித்து விட்டுப் பார்த்து, வாட்டம் போதுமா என்று சொல்வார்களே, அதே வித்தைதான்.

பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆனதும், விடிகிற வேளையில், வாடிப்போன பூவை எல்லாம் சலித்து எடுத்துவிடுவார்கள். ஈரம் ஏறிய தேயிலையை மறுபடி அடுப்பில் உலர்த்துவார்கள். மணம் போகாமல் ஈரத்தை மட்டும் போக்க வேண்டும். அது பெரிய கலை. உலர்த்தியதைச் சில நாள் ஆற வைத்து, புதிய பூ கொண்டுவந்து முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். சாதாரணத் தரத்துக்கு இரண்டு, மூன்று தடவை. மேல்தரத்துக்கு ஏழு தடவைகூடச் செய்வார்கள். கடைசியில் கொஞ்சம் நல்ல பூவை மட்டும் கலந்து, சில மணி நேரத்தில் சலித்து, உலர்த்தாமலே பெட்டியில் போடுவார்கள். முகர்ந்தவுடன் எழுகிற புது மணம் அதிலிருந்து வருவது. மேல்தரத் தேயிலை ஒரு கிலோவுக்குத் தேயிலையின் நிறையைவிட அதிகமான பூ செலவாகிறது.

இவ்வளவு செய்தும் நல்ல மல்லிகைத் தேயிலையில் பூவைக் காண மாட்டீர்கள், அதிகம் போனால் நாலைந்து இதழ். பூ தன் வேலையை முடித்துவிட்டு வெளியே போய்விட்டது. பெட்டி நிறையக் காய்ந்த பூவைப் போட்டு விற்கிறவர்கள் உண்டு. சில வட்டாரங்களில் அழகுக்காகப் பூவை விட்டுவைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் காய்ந்த பூவில் மணம் கிடையாது. இன்று உலகத்துக் கடைகளில், கொழும்பில் பொதியாகிற பெட்டிகள் உட்பட, மல்லிகை என்று எழுதியிருப்பவற்றில் சில உண்மையான பூவோடு இரவு கழித்தவை, சில சுவையூட்டி தெளித்தவை. தெளிப்பதற்குப் பூவும் வேண்டாம், இரவும் வேண்டாம், ஆளும் அதிகம் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற வாசனை, இரண்டாம் தடவை வெந்நீர் ஊற்றும்போது காணாமல் போனால் பெரும்பாலும் அது தெளித்த சரக்கு.

ஃபுஜோவிலிருந்து வடக்கே போன மல்லிகைத் தேயிலையை அதிகம் குடித்தது பெய்ஜிங் நகரம். பணக்காரர் முழு இலை வாங்கினார்கள். உழைப்பாளிகள் என்ன வாங்கினார்கள் தெரியுமா? அந்த நல்ல தேயிலையைச் சலிக்கும்போது அடியில் விழுகிற தூளை. மணம் அதேதான், விலை குறைவு. அதற்கென்றே அங்கே ஒரு பெயர் இருக்கிறது, இன்றைக்கும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். தூள் குடிப்பது நமக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபுஜோவின் மல்லிகை, தேயிலைப் பண்பாட்டை 2014இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. 2022இல் யுனெஸ்கோ சீனாவின் தேயிலை செய்யும் மரபுகளை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, ஃபுஜோவின் மணமூட்டும் முறையும் அதில் இருந்தது. நல்லது. கைவேலைக்கு மரியாதை கிடைத்தால் நாம் சந்தோஷப்பட வேண்டும். சீனாவில் இந்தக் கலைக்கு வாரிசு என்று பட்டம் கொடுக்கும்போது, அது தொழிற்சாலைக்குள் இரவில் மணமூட்டும் ஆசான்களுக்குப் போகிறது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். பிற்பகலில் தவறான மொட்டைப் பறித்திருந்தால் இரவில் எந்த ஆசான் என்ன செய்ய முடியும்?

அந்தப் பூக்கள் இப்போது பெரும்பாலும் ஃபுஜோவில் விளைவதும் இல்லை. நகரம் வளர்ந்து பூந்தோட்டத்தைத் தின்றுவிட்டது. தெற்கே குவாங்சி பகுதியில் ஹெங்ஜோ என்ற இடம்தான் இன்று சீனாவின் மல்லிகையில் பெரும்பங்கைத் தருகிறது. பூ வளர்த்துப் பிழைப்பவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். சொந்தக் குடும்பத்தின் பொறுப்பிலுள்ள சிறு நிலத்தில் பயிரிடுகிறவர்கள் அதிகம், கூலிக்குப் பறிக்கிறவர்களும் உண்டு. கூலி எடைக்குத்தான். பூவின் விலையோ நாளுக்கு நாள் மாறும், ஒரே நாளில் மணிக்கு மணிகூட மாறும். பூ இரவில் மலர்ந்துவிடும் என்பதால் விலை சரியில்லையென்று நாளைக்கு வைத்திருக்க முடியாது. இருக்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கொழுந்து மாதிரியே.

நம்மிடம் வருவோம். நம் இஸ்டோரில் டீமேக்கருக்குப் பதவி இருக்கிறது, பெயர் இருக்கிறது. கொழும்பில் ருசி பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய பெயர். மலையில் நிற்கிற அக்காவுக்கு இருப்பது கூடை நம்பர். அந்த வேலையைக் கூலி வேலை, யாரும் செய்யக்கூடியது என்றுதான் எண்ணுகிறார்கள். யாரும் செய்யக்கூடியது என்றால் புதிதாக வருகிற பிள்ளை ஏன் முதல் மாதம் பாதிக் கிலோகூட எடுக்க முடியாமல் தவிக்கிறது? மட்டக் கம்பு வைக்காமலே மட்டம் பிடிக்கிற கை ஏன் இருபது வருடத்துக்குப் பிறகுதான் வருகிறது?

தரம் என்ற பேச்சு வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏழு நாளைக்கு ஒரு தடவை சுற்று வந்தால் கொழுந்து இளசாக இருக்கும். ஆள் போதாது, உரம் போடவில்லை, புல் வெட்டவில்லை என்று சுற்று பன்னிரண்டு, பதினாலு நாளுக்குத் தள்ளிப் போகிறது. மலை முழுக்க முற்றி வங்கி ஓடிக் கிடக்கிறது. அதற்குள் இறக்கிவிட்டு, கேட்ட கிலோவையும் எடு, நல்ல கொழுந்தாகவும் எடு என்கிறார்கள். கிலோ வராவிட்டால் அரைப்பேர். கிலோ வந்து இலை முற்றலாக இருந்தால் இஸ்டோரிலிருந்து பேச்சு. சுற்றைத் தள்ளிப் போட்டவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே மாதர் குழுக்கள் இரண்டு காரியம் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, ஒவ்வொரு மலைக்கும் கடைசிச் சுற்று எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தால் எழுதுவார்கள். தரம் பற்றிக் குறை வந்தால் அந்தக் கொப்பியோடு கமிட்டித் தலைவர் ஆபீசுக்குப் போகட்டும். மற்றது, இஸ்டோரில் கொழுந்தைப் பிரித்து நல்லது எத்தனை வீதம் என்று எண்ணுகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கைக் கொழுந்து மடுவத்தில் எல்லோருக்கும் கேட்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைந்த நாளில் மட்டும் அது நம் காதுக்கு வருகிறது. நல்ல கணக்கு வந்த நாளிலும் வரட்டும். நல்ல கணக்கு எழுத்தில் இருந்தால், அடுத்த சம்பளப் பேச்சில் திறமைக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்க நம் கையில் ஏதாவது இருக்கும். வெறும் கிலோக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தங்கச்சி கேட்டார், இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று. செய்யலாம். மேல்மலைக் குளிரில் குண்டுமல்லி சரியாக வராது. இரத்தினபுரி, கேகாலை, மாத்தளைப் பக்கம் இருப்பவர்களின் முற்றத்தில் நிற்கும். மருந்து அடித்த கடைப் பூ வேண்டாம். பிற்பகலில் வெள்ளை மொட்டாகப் பறித்து, ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். இரவு விரியத் தொடங்கியதும், நன்றாகக் காய்ந்த தேயிலை ஒரு பங்குக்கு அரைப் பங்கு நிறை பூ கலந்து, சுத்தமான பாத்திரத்தில் போட்டு வெள்ளைத் துணியால் மூடுங்கள். பச்சைத் தேயிலை கிடைத்தால் நல்லது. நம் கறுப்புத் தேயிலையிலும் மணம் ஏறும், கொஞ்சம் அடங்கித் தெரியும். நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு, விடிந்ததும் பூவை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பிறகு மிக இளஞ்சூட்டில், சட்டியைக் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போகவிடாமல், ஈரம் போகும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத டின்னில் போட்டு, கருவாட்டிலிருந்து தூரத்தில் வையுங்கள்.